சும்மா இராத கைகள்

பாஸ்டரின் கையில் பெரிய மைக்கைத் திணித்துவிட்டு, சபையின் செக்ரட்டரி முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோட்டையைப் பிடித்துவிட்டவர் மாதிரி ஒரு மிதப்பு.

இத்தனை நாளும் அங்கியில் மாட்டுகிற குட்டி மைக் இருந்தது. அது ரிப்பேராம். ரிப்பேராவது ஒன்றாவது! நேற்றுச் சாயங்காலம்கூட நன்றாகத்தான் இருந்தது. பாஸ்டரம்மா தன் பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் வேறு. பீடத்தில் ஏறிவிட்டால் பாஸ்டரின் கை சும்மா இராது.

விசுவாசம் என்றால் என்ன என்று சொல்ல வந்தால், இல்லாத ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்துப் படிப்படியாக ஏறிக் காட்டுவார். பிள்ளைகள் அண்ணாந்து கூரையைப் பார்க்கும். இல்லாத கிணற்றில் வாளியை இறக்குவார். கயிறு வழுக்கும்போது பெரிய மனிதர்களே தங்கள் கையை இறுக்கிக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவது அந்தக் கைகளைப் பார்க்கத்தான்.

செக்ரட்டரிக்கு அது ஆகவே ஆகாது. கோயிலா, நாடகக் கொட்டகையா என்று கேட்பார். வெளியூரில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று கேமரா வாங்கி மாட்டியதிலிருந்து கேட்கவே வேண்டாம். பாஸ்டரின் கைகள் படத்தைவிட்டு வெளியே ஓடுகின்றனவாம்.

இனிமேல் ஒரு கையில் மைக், மறு கை பீடத்தின் மேல். மீறினால் வேறு பாஸ்டர் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுவிடுவார்கள். கமிட்டி முடிவு.

பாஸ்டரைத் தூக்கினால் பீடம் மட்டுமா போகும்? கோயிலை ஒட்டி அவர்கள் குடியிருக்கும் வீடும் போகும்.

பாஸ்டர் பேச ஆரம்பித்தார்.

குரலோடு சேர்ந்து ஸ்பீக்கரில் இன்னொரு சத்தமும் வந்தது. டக், டக், டக்.

செக்ரட்டரி நிமிர்ந்தார். எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்த்தார். டக், டக். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். ம்ஹூம். கடைசியில் மண்டியிட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டார். ஜெபத்துக்குக்கூட அந்த மனுஷன் அவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பாஸ்டரம்மா சிரிக்கவில்லை. மடியிலிருந்து கையை மெல்லத் தூக்கி, காற்றில் ஒரு படி ஏறிக் காட்டினாள். ஏணி! மைக்கை வைத்துவிட்டு ஏணியை எடுங்கள்! கமிட்டி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

பாஸ்டர் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"செக்ரட்டரி ஐயா, எழுந்திருங்க. ஒயர்ல ஒண்ணுமில்ல. என் மோதிரம்தான் மைக்ல இடிக்குது. கை நடுங்குது."

ரொம்ப நாளாகவே நடுங்குகிறது. அசைத்துக்கொண்டே இருந்தால் அடங்கும். சும்மா வைத்தால் ஆட ஆரம்பித்துவிடும். இந்த வியாதி போகாது, கூடத்தான் செய்யும் என்று டாக்டர் கைவிரித்த அன்று, வழி கண்டுபிடித்தவள் பாஸ்டரம்மாதான். கையைச் சும்மா விடாதீங்க, எதையாவது செஞ்சு காட்டிக்கிட்டே பேசுங்க என்றாள். அந்த ஏணி அவள் கொடுத்தது. கிணறும் வாளியும்கூட அவள் அடுப்படியில் நின்று யோசித்தவை.

கையை வீசிப் பேசுகிறார் என்று மாற்றினால் இன்னோர் இடத்தில் பீடம் கிடைக்கும். இந்த நடுக்கம் தெரிந்தால் எங்கே கிடைக்கும்? நடுங்குகிற கையில் திருவிருந்துக் கிண்ணத்தை எந்தக் கமிட்டி கொடுக்கும்? இதற்கு முன் இருந்தவருக்குக் கண் மங்கியதும், ஓய்வெடுங்கள் ஐயா என்று இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவைத்தவர்கள்தானே இவர்கள்.

பாவி மனுஷன், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாரே! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்தார். கமிட்டி கேட்டது ஒரு கையைத்தான்; அவர் இரண்டு கைகளையும் பீடத்தின் மேல் வைத்தார். வலது கை அது பாட்டுக்கு ஆடியது. கேமரா நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"விசுவாசம் விசுவாசம்னு உங்ககிட்ட பேசிப் பேசியே இத மறைச்சேன். இனி மறைக்க மாட்டேன்."

மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

செக்ரட்டரி முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தார்.

"நீங்க உட்காருங்க பாஸ்டர். உடம்பப் பாருங்க. நான் ஜெபம் பண்ணி முடிச்சுடறேன்."

குரலில்தான் எத்தனை கரிசனம்!

பாஸ்டரம்மா விருட்டென்று எழுந்தாள். பாட்டுப் பாடுவதற்குத் தவிர அந்தக் கோயிலில் அவள் வாய் திறந்ததே இல்லை.

"நீங்க போய் உட்காருங்க அண்ணே. பிரசங்கம் இன்னும் முடியல."

செக்ரட்டரி பாதி வழியில் நின்றார். ஆதரவுக்கு ஆள் தேடி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பீடத்தின் மேல் இருந்தது. வேறு வழியில்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பாஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அவள் உட்காரவில்லை. அவர் முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே கேட்டாள்.