கிளியின் மூக்கு

பொங்கலுக்கு முதல் நாள், சர்க்கரைப் பொம்மை வார்க்கும் மர அச்சு ஒன்று தண்ணீர்ச் சட்டிக்குள் ஊறிக்கொண்டே கவலைப்பட்டது. அதன் வயிற்றில் ஒரு கிளி உருவத்தைக் குடைந்திருந்தார்கள். போன பொங்கலுக்குச் சரியாக ஊறாமல் அவசரப்பட்டதில், சர்க்கரைக் கிளியின் மூக்கு ஒடிந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அந்த மனக்குறை அதற்கு இன்னும் ஆறவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊறிக்கிறேனே" என்றது அச்சு.

"ஊறி ஊறி உளுத்துப் போகப்போறே. எழுந்து வாக்கா" என்று அதட்டியது, அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டும் நூல்.

காய்ச்சிய சர்க்கரைப் பாகை உள்ளே ஊற்றினார்கள். சூடு தாங்கவில்லை, ஆனாலும் அச்சு அசையவில்லை. பாகு இறுகியதும் நூலை அவிழ்த்தார்கள். வெள்ளைக் கிளி முழு மூக்கோடு வெளியே வந்தது.

"பார்த்தியா என் பிள்ளையை!" என்று அச்சு பூரித்து முடிப்பதற்குள், அந்த வீட்டுச் சின்னப்பெண் கிளியைத் தூக்கி முதல் கடியாக மூக்கைத்தான் கடித்தாள்.

"ஐயோ கண்ணு, வலிக்குதா?" என்று கிளியிடம் பதறியது அச்சு.

"சும்மா இரும்மா" என்றது கிளி. "எவ்வளவு இனிப்புன்னு அவ சொல்லிக்கிட்டிருக்கா. கேட்க விடு."

அச்சும் வாயை மூடிக்கொண்டு கேட்டது. அடுத்த கிளிக்காகத் தன்னை மறுபடி தண்ணீரில் போட்டபோதுதான் நூலிடம் மெல்லச் சொன்னது:

"மூக்கை இன்னும் கொஞ்சம் பெரிசாக் குடைஞ்சிருக்கலாம்."