முடிச்சுப் போட்ட நாடா

வா கண்ணு, இப்படி என் பக்கத்தில் வந்து உட்கார். ஒரு வீடு பஸ் ஏறி வந்த கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், உன் கால் மரத்துப்போவதற்குள் முடித்துவிடுவேன்.

பஸ் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோடு இல்லை, கடல்தான்.

என் பெட்டிக்கடை வாசலில் நானும், பக்கத்து வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்குத்தான் புதிதாகக் குடிவந்த தையல்காரியின் கணவர் வருவதாக இருந்தது. அவருக்குத் துரை என்று நாங்கள் கிண்டலாகப் பேர் வைத்திருந்தோம்.

டவுனில் வாடகை ஏறிக்கொண்டே போக, ராப்பகலாகத் தைத்தும் கட்ட முடியாமல் எங்கள் பக்கம் வீடு தேடி வந்தவள் அவள். கார் இல்லாதவர்கள் இங்கே குடிவருவதே கிடையாது. "வண்டியை எங்கே நிறுத்துவீங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டதற்கு, "அதோ, டிரைவரோட நிறுத்தியிருக்கேனே" என்று பஸ்ஸைக் காட்டினாள்.

அவள் வீடு பார்த்த விதமே வேறு.

தண்ணீர் வருமா, காற்று வருமா, ஒன்றும் கேட்கவில்லை. கடைசி ஸ்டாப்பில்தான் வேண்டும் என்றாள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று திறந்து திறந்து பார்த்தாள். இதைவிட நல்ல வீடு ஒன்று இருந்தது. கதவு வலப்பக்கம் திறக்கிறது என்று அதை வேண்டாம் என்றுவிட்டாள்.

லாரி வைக்க வசதியில்லை. சாமான் முழுக்க பஸ்ஸிலேயே வந்தது. மேஜையின் கால்கள் ஒரு நாள், பலகை இன்னொரு நாள். அலமாரியின் இழுப்பறையை மடியில் வாங்கிக்கொண்ட ஒரு அம்மா, தன் காய்கறிப் பையையும் அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தாள். "அலமாரி நின்னுக்கிட்டு வந்தா டிக்கெட் இல்ல, உக்காந்தா டிக்கெட்" என்பான் கண்டக்டர்.

சாமான் ஒவ்வொன்றும் வரும்போது அவள் ஒரு நாடாவை எடுப்பாள். நீள நாடா, வழி நெடுக முடிச்சு. கதவோரம் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். சிவப்பு முடிச்சு வந்த இடத்தில் மேஜை. அங்கிருந்து நீல முடிச்சு வரும் இடத்தில் நாற்காலி.

"கழுத்துல இஞ்ச் டேப் தொங்குது, இது என்னம்மா மந்திரக் கயிறு?" என்று கேட்டேன்.

"டேப்புல எனக்கு ஜாக்கெட்தான் அளக்கத் தெரியும் அக்கா. வீடு அளக்கத் தெரியாது."

நாற்காலி வந்த அன்று கண்டக்டர் நல்லது செய்வதாக நினைத்து அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட்டான். உட்கார்ந்தால் கடல் முழுக்கத் தெரியும். அவள் அதை இழுத்து நீல முடிச்சு வந்த மூலைக்கே கொண்டுபோனாள், சுவரைப் பார்த்த மாதிரி.

"சுவத்தப் பாக்கவா அக்கா இவ்வளவு தூரம் குடிவர்றீங்க?"

"அவருக்குப் பழைய மாதிரியே இருந்தாத்தான் சரிப்படும் தம்பி."

எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்டாட்டி கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குகிறாள், இவருக்கு நாற்காலி நகரக்கூடாதாமே. இதில் அவர் ஒரு நிபந்தனை வேறு போட்டிருந்தார். ஒரு தடவை வருவாராம். ஒத்துவரவில்லை என்றால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவாராம். அவர் ஏதாவது விடுதியில் இருந்துகொள்வார், அவள் இங்கே தனியாக இருக்க வேண்டியது. இதைச் சொன்ன அன்று அவள் ஒரே பொத்தானை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள்.

அதனால்தான் அன்றைக்கு டிரைவர் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஊதாமல் நின்றான்.

முதலில் அவள் இறங்கினாள். பின்னால் அவர்.

அவருடைய கை அவள் தோளில் இருந்தது.

படியைக் கால் நுனியால் தேடி இறங்கினார். கடல் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் எங்கேயும் நிற்கவில்லை.

வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசற்படி வந்ததும் தையல்காரி நின்றுவிட்டாள். தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்து, இடப்பக்கம் திறக்கும் கதவின் மேல் வைத்தாள். அதற்கப்புறம் அவள் உள்ளே போகவில்லை. மூச்சும் விட்டாளா தெரியாது.

அவர் தனியாகப் போனார்.

முதலில் தயங்கித்தான் கால் வைத்தார். மேஜை இருக்க வேண்டிய இடத்தில் கை நீண்டது, மேஜை இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நடை வேகமாயிற்று. சுவரில் ஆணி இருந்த இடத்தில் குடையை மாட்டினார், தடவிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி, பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமலே அப்படியே உட்கார்ந்தார்.

நாற்காலி இருந்தது.

அலை மட்டும் வந்து வந்து போயிற்று.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னம்மா இது, பஸ்ல ஏத்திச் சுத்திக் காட்டிட்டு நம்ம பழைய வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்ட. அது சரி, வாசல்ல கடல் எப்படி வந்துச்சு?"

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும் கண்ணு. கை நீட்டிய இடத்தில் வேண்டியது இருக்கட்டும். உட்காரும் இடத்தில் நாற்காலி இருக்கட்டும். வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் இருக்கட்டும்.