சாப்பிட்ட பிறகு

பயிற்சி டாக்டர்களுக்குச் சமையலும் சத்துணவும் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்ட மூன்றே வாரத்தில், ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் பொற்கொடிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கத்தரிக்காயை ஆபரேஷன் செய்வதுபோல் நறுக்கினார்கள். கஞ்சி கிளறக் கையுறை போட்டுக்கொண்டார்கள். வெந்ததை ஒருத்தராவது வாயில் வைத்துப் பார்க்க வேண்டுமே! "உப்பு சரியா இருக்கான்னு நாக்குதான்யா சொல்லும்" என்று அவள் கத்தியதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி நாளன்று, நோயாளிக்கு மாத்திரையோடு சாப்பாட்டையும் எழுதித்தரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். எலும்பும் தோலுமாக எதிரே உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரிக்கு, இன்பசேகரன் என்ற பயிற்சி டாக்டர் மளமளவென்று எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினான்: "கேழ்வரகுக் கஞ்சி, இருநூறு மில்லி, காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு." பொற்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். "கஞ்சியே சாப்பாடுதான் தம்பி! அதுக்கு முன்னால வேற என்னத்தச் சாப்பிடுறது?" "சாரி மேடம், கைப்பழக்கம்" என்று அந்த வார்த்தைகளை அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தான். ஆனால் ஆரோக்கியமேரி அதற்குள் சீட்டை எடுத்து மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். "அவரத் திட்டாதீங்கம்மா. மாத்திரையையும் சாப்பிட்ட பிறகுன்னுதான் ஒரு வருஷமா எழுதித் தர்றாங்க" என்றாள். "அத்தனையும் வீட்டுல பிரிக்காம அப்படியே இருக்கு."