ஹாபுலின் வேலைநிறுத்தம்

"வேலைநிறுத்தம் பண்றான்மா இவன்!"

மீன்தொட்டியின் முன்னால் குந்தியிருந்த அனிமேஷ் கத்தினான்.

கண்ணாடி முழுக்கப் பச்சை. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு மூலையில், முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்ட ஹாபுல் கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தான். பாசி தின்னட்டும் என்று வாங்கிவந்த கெளுத்தி.

"என்ன கோரிக்கையாம்?" நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "ஆபீஸ்ல கொடி பிடிக்கிறவன் வளர்த்த பிள்ளை, வேற எப்படி இருப்பான்?"

"சிரிக்காதேம்மா. பெரிசாயிட்டா பாசி தின்னாதுன்னு கடைக்காரன் சொன்னான். இவன் அஞ்சு வருஷமா கண்ணாடியைப் பளிங்கு மாதிரி வச்சிருந்தான். ஊரெல்லாம் பெருமை பேசிட்டு வந்தேன். இந்த ரெண்டு வாரமாத்தான் திமிரு."

அவன் மனைவி ஷுக்லா பர்த்வானில் அப்பா வீட்டிலிருந்து நேற்றுதான் திரும்பியிருந்தாள். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

அனிமேஷ் வலையை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை. பாக்பஜாரில் வளர்ப்பு மீன் சந்தை கூடியிருக்கும்.

"இவனைத் தள்ளிவிட்டுட்டு, உழைக்கிற குட்டியா ஒண்ணு கொண்டு வரேன்."

"இவ்வளவு பெரியவனை யாருங்க எடுத்துப்பாங்க?" ஷுக்லாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "கால்வாயில வீசிடுவாங்க."

"வீசட்டும். வேலை செய்யாதவனுக்கு வெள்ளரிக்காய் ஒரு கேடா?"

மூடி போட்ட வாளி கீழ்வீட்டில் இருந்தது. அதை வாங்கப் போனவனைத் தெருமுனை டீக்கடை பிடித்துக்கொண்டது. நேற்றைய கால்பந்தாட்டத்தில் யார் கோட்டை விட்டது என்று பேச்சு. மண்குவளைகள் காலியாகி, தொண்டையும் கட்டிய பிறகுதான் அவனுக்கு ஹாபுலின் நினைவு வந்தது.

வாளியோடு படியேறி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

தொட்டி பளபளத்தது. கண்ணாடி வழியே, பின்சுவரில் தொங்கிய நாட்காட்டியில் தேதி தெரிந்தது.

ஹாபுல் அதே மூலையில், அதே ஒட்டலில்.

"பார்த்தியாம்மா! ஒரு அதட்டல். மொத்தத்தையும் தின்னு தீர்த்துட்டான்!"

அம்மா கூரையைப் பார்த்தபடி வெற்றிலையை மென்றாள். "ஆமாண்டா. உன்கிட்ட வேலை பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

அனிமேஷ் வலையை ஆணியில் மாட்டினான். மன்னித்துவிட்டான்.

"ஷுக்லா! வெள்ளரிக்காய் நறுக்கிக் கொண்டா. களைச்சுப் போயிருப்பான், பாவம்."

ஷுக்லா தட்டோடு வந்தாள். அவளுடைய வெள்ளைச் சங்கு வளையல் இரண்டும் பச்சைப் பிசுக்கேறியிருந்தன. அனிமேஷ் முகத்தைச் சுளித்தான்.

"கல்யாண வளையலை எந்த லட்சணத்துல வச்சிருக்கே பாரு! சுத்தம்னா என்னன்னு இவனைப் பார்த்தாவது கத்துக்கோ."

அவள் வெள்ளரித் துண்டைத் தண்ணீரில் போட்டாள்.

அன்று முதன்முறையாக ஹாபுல் அசைந்தான்.