பேரைச் சொல்லு!

"யாருடி சொன்னது? பேரைச் சொல்லு!"

உடை மாற்றும் அறையின் கதவை அவள் தட்டிய தட்டில் தாழ்ப்பாள் ஆடியது. உள்ளே அவளுடைய பதின்மூன்று வயது மகள். பள்ளி விடுமுறை என்று அம்மாவோடு நீச்சல் குளத்துக்குக் கிளம்பி வந்தவள், நீச்சல் உடையை மாட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லல. நான் தண்ணிக்கு வரல. பார்க்க அசிங்கமா இருக்கேன்."

"அசிங்கமா? அந்த வார்த்தையை உன் மண்டையில ஏத்தினது யாரு?"



குளத்தில் மார்பளவுத் தண்ணீரில் பதினாறு பெண்கள் கைகளைத் தூக்கியபடி நின்றார்கள். இறக்கச் சொல்ல அவர்களுடைய டீச்சரான அவள் மறந்துவிட்டாள்.

"இறக்குங்க! நின்ன இடத்துலயே ஓடுங்க!" என்று திரும்பி ஒரு கத்தல்.

மறுபேச்சில்லாமல் ஓடினார்கள். தண்ணீரில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற அவளுக்கு அவர்கள் ரகசியமாக வைத்திருக்கும் பெயர் 'சுடுதண்ணி'.

கோபம் அவளுக்குப் புதிதில்லை. இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்ததே கோபம்தான்.

அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்கு உடை வடிவமைத்தாள். சாண் உயரப் பொம்மைக்குக் கோட்டு, கவுன், நகத்தளவு பாக்கெட். ஒருநாள் கொஞ்சம் தொப்பையும் தொடையுமாக ஒரு பொம்மையை வரைந்து, அதற்கு அழகாக ஒரு கவுனும் தைத்து எடுத்துப் போனாள்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "தொப்பை வச்ச பொம்மையை எந்தக் குழந்தைம்மா கேட்கும்?"

"என் குழந்தை கேட்பா சார்!"

கத்தரிக்கோலை அவர் மேஜைமேல் வீசிவிட்டு வந்தவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் சும்மா இருந்ததில் முட்டிவலி வந்தது. தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். செய்யப் போனவளுக்கு அது பிடித்துப்போய், முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கி, அதே குளத்தில் டீச்சராகிவிட்டாள்.

புதிதாகச் சேர்கிறவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு கரையிலேயே கூசிக்கொண்டு நிற்பார்கள். "துண்டை எறிங்கம்மா! தண்ணிக்கு யாரோட எடையும் தெரியாது!" என்று அதட்டி இறக்கிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் மகளை ஒருத்தர் அசிங்கம் என்று சொல்லிவிடுவதா?

ஈரக் கையோடு போனை எடுத்தாள். முதல் ஆள், நாத்தனார்.

"போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப என் பொண்ணைப் பத்தி என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலையே அண்ணி. நல்லா வளர்ந்துட்டாளேன்னுதான் சொன்னேன்."

"உயரமாவா, அகலமாவா?"

"ஐயோ, என்ன அண்ணி காலங்காத்தால..."

"இனிமே என் மகளோட உடம்பைப் பத்தி உன் வாயிலருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. வச்சிடு!"

அடுத்து, விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெரியவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"காலையில என் பொண்ணை என்னன்னு கூப்பிட்டீங்க?"

"குண்டுமணின்னு... என் பேத்தியைக் கூப்பிடற மாதிரி, ஆசையாத்தான் மேடம்..."

"உங்க ஆசையை உங்க வீட்டோட வச்சுக்குங்க. வந்து அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

பெண்கள் பகுதியின் வாசலோடு நின்று, தலையைக் குனிந்துகொண்டு குரல் கொடுத்தார் அவர். "பாப்பா, தெரியாம சொல்லிட்டேம்மா. மனசுல வச்சுக்காதே."

உள்ளேயிருந்து பதறிய குரல் வந்தது. "ஐயோ, நீங்க இல்ல தாத்தா! நீங்க போங்க."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். அதை அவள் கவனிக்கவில்லை. 'நீங்க இல்ல' என்றால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்பதுதான் அவள் காதில் விழுந்தது.

"அப்ப யாரு? டான்ஸ் டீச்சரா? கூடப் படிக்கிற கழுதைங்களா? சொல்லு, வீட்டுக்கே போய்க் கேட்கிறேன்."

தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஓரமாக நின்ற ஒரு அம்மாள் மெல்ல, "டீச்சர், கொஞ்சம் பொறுமையா..." என்று ஆரம்பித்தாள்.

"எப்படிங்க பொறுமையா இருக்கிறது? தண்ணியைக் கண்டா துள்ளிக் குதிச்ச பொண்ணுங்க இவ! இப்ப கதவைச் சாத்திக்கிட்டு அழறா. யாரா இருந்தாலும் சரி, பதினாறு பேருக்கு முன்னாடி நிக்க வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்காம விட மாட்டேன்!"

தாழ்ப்பாள் விலகியது.

கழுத்துவரை துண்டைச் சுற்றிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"யாரா இருந்தாலும் கேட்பியா?"

"கேட்பேன். நீ பேரை மட்டும் சொல்லு."

மகள் துண்டை நழுவவிட்டாள்.

"இங்க எல்லாருக்கும் நீதானே நீச்சல் டிரஸ் தச்சுக் குடுத்தே? மஞ்சள், சிவப்பு, பெரிய பெரிய பூ. எனக்கு மட்டும் ரெண்டு வருஷமா நீ எது தச்சாலும் கறுப்பு. ஏம்மான்னு கேட்டதுக்கு, 'உனக்குக் கறுப்புதான்டி சரி, சதை வெளியே தெரியாது'ன்னு சொன்னது யாரும்மா?"