தாளிக்காத கடைசல்

காம்பைப் பிடித்துக் கத்தரிக்காயைத் தீயின் மேல் திருப்பினாள் ராசாத்தாள். தோல் கறுத்து வெடித்து நீர் சொட்டியது. பர்னர் சீறியது.

இந்தக் கேஸ் அடுப்பு வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரியைத் தேய்த்து எடுக்கவே பாதிப் பகல் போய்விடும். போகட்டும்.

பங்குனியில் துடியலூர் சந்தையில் கத்தரிக்காய் மலிந்து சீப்பட்டுக் கிடக்கும். சுட்டு, தோலை உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புளி, உப்பு சேர்த்து மத்தால் கடைந்தால் வேலை முடிந்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாத நாளுக்கு இதைவிட லகுவான சமையல் கிடையாது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு இங்கே பொரிந்தால், படுத்திருப்பவர் உடம்பில் முத்து அங்கே பொரியும் என்பார்கள். ஊரில் இது தெரியாதவர் யாரும் இல்லை.

மகள் வேலுமணி உள்ளறையில் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

“ஏனுங்க, புள்ளைக்கு மூஞ்சியில முத்துப் போட்டிருக்குதுங்க” என்று விடிந்ததும் ராசாத்தாள் சொன்னபோது, கந்தப்பன் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை முத்து, காய்ச்சல் அடிக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. போய் வேப்பந்தழை ஒடித்து வந்து நிலைப்படியில் செருகிவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பெற்ற பிள்ளை மேல் ஒரு மனுசனுக்கு இவ்வளவுதான் அக்கறை என்று ராசாத்தாளுக்கு ஆத்திரமாக வந்தது.

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவரும் அவர்தான். இன்றைக்கு அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் பூ வைக்கிறார்கள். வைகாசியில் கல்யாணம். “படிச்ச வரைக்கும் போதும்” என்று அவர்கள் சொன்னதற்கும் தலையாட்டியிருந்தார். காலேஜ் முடிய வேலுமணிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அழுதாள். கெஞ்சினாள். சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று கிடந்தாள். கந்தப்பன் மசியவில்லை. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும் பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

மத்தைக் கழுவி வைப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டோடு இறங்கினாள். நிலைப்படியைப் பார்த்தாள். அடுத்த அடி வைக்காமல் கேட்டோரம் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக மூக்கை உறிஞ்சினாள்.

கத்தரிக்காய் சுட்ட வாசம்தான் வந்தது. எண்ணெய் வாசம் மருந்துக்கும் இல்லை.

கரிக்கையோடு ராசாத்தாள் வெளியே வந்தாள். “அம்மை எறங்கி மூணு தண்ணி ஊத்தி முடியட்டுமுங்க. அப்பறம் பாத்துக்கலாமுங்க.”

“பையனுக்கு வைகாசி தாண்டக் கூடாதுங்க, அம்மணி” என்றாள் அந்த அம்மாள், நிஜமான வருத்தத்தோடு. “பூ வைக்க வந்த அன்னிக்கே மறிச்சு, ஆத்தா வேற எடத்துக்குக் கை காட்டறா. நாம என்னங்க பண்றது?”

கொண்டுவந்த பூவைத் திருப்பி எடுத்துப் போக அவளுக்கு மனம் வரவில்லை. ஆத்தாளுக்கே போடச் சொல்லிக் கந்தப்பன் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி வேப்பந்தழை மேல் சாத்தினார். யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரைத் திருப்ப வழி காட்டிக்கொண்டே கந்தப்பன் தெருமுனை வரைக்கும் போனார்.

ராசாத்தாள் அடுப்படிக்கு வந்தாள். சட்டியில் கடைசல் தயாராக இருந்தது.

இருபது வருடம் இந்த வீட்டில் சமைத்த கை. கடைசலைக் கண்டதும் தாளிப்புக் கரண்டியை எடுத்தது, அடுப்பைப் பற்றவைத்தது, எண்ணெய் ஊற்றியது. கடுகு படபடவென்று வெடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சத்தம் கேட்டு வேலுமணி எழுந்து வந்தாள். குழந்தை மாதிரி வழுவழுவென்ற முகம். அதில் பேருக்கு ஒரு முத்து இல்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை நாளைக்குப் பிறகு மகளுக்குப் பசிக்கிறது என்பதில் ராசாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்ன பயமும் கூடவே இருந்தது. நோன்புக்கு மாவிளக்கு எடுத்து, விழுந்து கும்பிட்டுவிடலாம். ஆத்தாளும் பெண்தானே.

கரண்டியைக் கடைசலில் கவிழ்த்தாள். சட்டி சொய்யென்றது.

திரும்பினால் கந்தப்பன் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

தாளிப்புக் கரண்டியைப் பார்த்தார். மகளின் தட்டைப் பார்த்தார். அப்புறம் மகளின் முகத்தை.

“ஏனுங்க...” என்றாள் ராசாத்தாள்.

அவர் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டை நீட்டினார். அவள் போட்ட சோற்றில் கடைசலைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார்.

“தழை இப்பவே வாடிப்போச்சு” என்றார், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். “நாளைக்கு வேற ஒடிச்சுட்டு வாரேன். மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் இருக்கோணுமல்ல.”