இடது பக்கத்துக் கியர்

வரதன் தன் ஜாவா பைக்கை என் வீட்டு வாசலில் நிறுத்தி, ஹேண்டில்பாரை என் கையில் திணித்தான்.

"ஏறு மாமு. இதுல கிக்கரு, கியரு ரெண்டும் எடது பக்கம்தான் கீது. வலது காலுக்கு இன்னா வேல?"

வலது காலுக்கு வேலையும் இல்லை, வலது காலே இல்லை. போன வருஷம் கப்பலிலிருந்து இறக்கும்போது நழுவி விழுந்த ஓர் இரும்புக் கட்டு, முழங்காலுக்குக் கீழே உள்ளதைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மரக்கால் மாட்டி அனுப்பினார்கள்.

என் புல்லட்டுக்குக் கிக்கரும் கியரும் வலது பக்கம். அன்றிலிருந்து அது கோணியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றது. நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். ஏறியவுடன் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்த சீட்டை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் மணலியிலிருந்து ஒருவர் புல்லட்டை வாங்க வருவதாக இருந்தது. அவருக்காக பேட்டரிக்கு சார்ஜ்கூட ஏற்றி வைத்திருந்தேன். சங்கதி தெரிந்துதான் வரதன் விடிந்ததும் விடியாததுமாகக் காலடிப்பேட்டையிலிருந்து வந்து நின்றான்.

பத்து வருஷமாக நான் புல்லட்காரன், அவன் ஜாவாக்காரன். அவன் வண்டியை நான் கொசு என்பேன். என் வண்டியை அவன் எருமை என்பான். ஒருமுறை எண்ணூர் போகும் வழியில் அவன் வண்டி படுத்துவிட்டது. என் பின்னால் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று, கொளுத்தும் வெயிலில் திருவொற்றியூர் வரை உருட்டிக்கொண்டே வந்தான். அவ்வளவு வீம்பு.

என் மனைவி ஐரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவள், வாசலில் ஜாவாவைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தடவை. ரயில்வே கேட் வரை போய் விழாமல் திரும்பி வந்தால் அப்புறம் என் இஷ்டம். விழுந்தால் இந்த ஜென்மத்தில் வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது.

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மரக்காலை மண்ணில் ஊன்றி, இடது காலால் உதைத்தேன். மரக்கால் வழுக்கியது. வரதன் கை நீட்டினான். தொடாதே என்று கத்தினேன்.

அடுத்த உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

மரக்காலைத் தூக்கிக் கால்மிதியில் வைத்தேன். வைத்தேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கியர் விழுந்தது. தெரு நகர்ந்தது. முகத்தில் காற்று பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். கொசுவோ எருமையோ, நான் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன்.

ரயில்வே கேட் கண்ணுக்குத் தெரிந்தபோது அதை மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போன கைவண்டி சட்டென்று நின்றது. அதில் கட்டியிருந்த இரும்புக் கம்பிகள் பின்னால் நீண்டு, என் நெஞ்சுக்கு நேராக வந்தன.

கால் தானாக அழுத்தியது. இடது கால். புல்லட்டில் அங்கேதான் பிரேக்.

ஜாவாவில் அங்கே கியர்.

இன்ஜின் அலறியது. வண்டி என்னை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பின்சக்கரம் பாம்பு மாதிரி ஆடியது. பிரேக் வலது பக்கம் என்று மூளைக்கு எட்டியபோது, அங்கே அழுத்த எனக்குப் பாதம் இல்லை என்பதும் எட்டியது.

மிச்சம் இருந்தது கை பிரேக்தான். வேகமாகப் பிடித்தால் மணலில் முன்சக்கரம் வழுக்கும். பிடிக்காவிட்டால் கம்பி. மாதாவே என்று கொஞ்சம் கொஞ்சமாக விரலை மடக்கினேன்.

கம்பி நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி என் சட்டைப் பொத்தானில் உரசியது. வண்டி நின்றது.

நின்ற வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது.

மரக்காலை நீட்டினேன். அது தரையைத் தொட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி கீழே விழவில்லை, அதனால் தொட்டிருக்க வேண்டும்.

கைவண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, கண்ணு பொடதியிலயா கீது என்று ஆரம்பித்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். விபத்துக்கு அப்புறம் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. பாவம் என்றுதான் பார்ப்பார்கள். இவர் வண்டி ஓட்டுகிறவனைத் திட்டுவது போல முழு மனசோடு திட்டினார். கேட்கக் கேட்க இனித்தது.

திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விழாமல் வந்தேன்.

ஐரீன் கையிலிருந்த ஜெபமாலைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

எங்காவது பழைய ஜாவா ஒன்று விலைக்கு வந்தால் எனக்குப் பார்த்துச் சொல்லு என்று வரதனைக் கேட்டேன். அவன் காதில் வாங்கவில்லை. சுவரோரம் போய்க் கோணியை உருவினான். புல்லட்டை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தான். துடைத்துவைக்கப் போகிறானாக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறி உட்கார்ந்தான். வலது காலால் உதைத்தான். பழக்கமில்லாத கால். கிக்கர் எகிறித் திருப்பி அடித்ததில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டான்.

எங்கேடா கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன்.

"வூட்டுக்குத்தான். ஒண்ணுக்கு ஒண்ணு மாமு, அது உன்னுது, இது என்னுது" என்றான். வலியில் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நாளா இதும்மேலதான் எனக்கு ஆசை."